அணைப்பதற்கு முன்

வண்டலூரிலிருந்து ஓரகடம் வழியாக வாலாஜாபாத் வரும் சாலையில் இருபது வருடங்களுக்கு முன் போனவர்களுக்கு ஏரிக்கரைகளும் நெல்வயல்களும் நினைவிருக்கும். இன்று அதே சாலையில் கார்களை ஏற்றிய நீள டிரெய்லர்களுக்குப் பின்னால் ஊர்ந்துதான் வரவேண்டும். சாலை மாறிய கதையை எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது அந்த ஆலைகளுக்குள், ஏசி அறையில் இரைந்துகொண்டிருக்கும் சர்வரைப் பற்றி. அதற்குள் எவனோ புகுந்துவிட்டான் என்று தெரிந்ததும் அன்று என்ன செய்தார்கள், இன்று என்ன செய்யவேண்டியிருக்கிறது?

அன்று ஒரே பதில்தான்: பவரைப் பிடுங்கு. இதை அறியாமை என்று சொல்லிவிட முடியாது. பல புலனாய்வுப் பயிற்சிகளிலேயே அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். முறைப்படி ஷட்டவுன் செய்தால் விண்டோஸ் பல கோப்புகளைத் திருத்தி எழுதும். ஆகவே பின்பக்க வயரை உருவு, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்று, அதில் எதுவும் எழுதப்படாதபடி தடுக்கும் கருவியை இடையில் வைத்துப் பிரதியெடு. சாட்சியம் எல்லாம் டிஸ்க்கில்தான், ரேம் என்ற தற்காலிக நினைவகத்தில் அப்படி என்ன இருந்துவிடப்போகிறது என்பது அப்போதைய கணக்கு. நம் ஊர்க் கரண்டும் அதே கட்சி. 2008 கடைசியிலிருந்து 2015 வரை தமிழ்நாட்டு ஆலைகளுக்கு மின் கட்டுப்பாடு இருந்தது. ஜெனரேட்டருக்கு மாறும் இடைவெளியில் யுபிஎஸ் கைவிட்டால் சர்வர் தானே விழுந்து எழும். ரேமில் இருந்ததை யாரும் அழிக்க வேண்டியதே இல்லை.

அந்தக் கணக்கு தப்பு என்பதற்கு அடையாளம் முன்பே வந்துவிட்டது. 2003 ஜனவரியில் உலகைச் சுற்றிய ஸ்லாமர் புழு மொத்தம் 376 பைட்டுதான். டிஸ்க்கில் ஒரு கோப்பைக்கூட அது வைக்கவில்லை. நினைவகத்திலேயே பிறந்து, அங்கிருந்தே பரவியது. வயரை உருவினால் புழு போய்விடும், அது வந்ததற்கான தடயமும் கூடவே போய்விடும். களவு போன வீட்டைச் சாணி போட்டு மெழுகிவிட்டுப் போலீஸைக் கூப்பிடுகிற கதை.

2005-இல் டிஎஃப்ஆர்டபிள்யூஎஸ் என்ற கணினித் தடயவியல் ஆய்வு மாநாடு ரேம் பிரதிகளைப் போட்டிக்கு வைத்து, இவற்றிலிருந்து நடந்ததைச் சொல்லுங்கள் என்றது. அதுவரை பெரும்பாலானோர் ரேம் பிரதியில் வெறும் எழுத்துச் சரங்களைத்தான் தேடினார்கள்: ஒரு பாஸ்வேர்டு, ஒரு ஐபி முகவரி அகப்பட்டால் லாபம். எந்த ப்ராசஸ் ஓடியது, அது யாரோடு பேசியது என்று இயங்குதளத்தின் உள்கட்டமைப்பை வைத்தே படிக்கும் கருவிகள் அந்தப் போட்டிக்குப் பிறகுதான் வளர்ந்தன. 2007-இல் வெளியான வோலட்டிலிட்டி அவற்றில் நிலைத்தது. காசில்லாத, மூலநிரல் திறந்த கருவி. இன்றும் இந்தத் துறையில் முதலில் சொல்லப்படும் பெயர் அதுதான்.

ஓரகடத்துக்கு இந்தப் பாடம் வந்து சேர்ந்தது 2017 மே மாதம். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாகிரை உலகெங்கும் பரவியபோது ரெனோ–நிஸ்ஸான் கூட்டணியின் ஆலைகள் பல நாடுகளில் பாதிக்கப்பட்டன. ஓரகடம் ஆலையின் பெயரும் செய்திகளில் அடிபட்டது. இதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது என்பது வேறு வருத்தம். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த வாரம் நடந்தது. அத்ரியான் கினே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் வான்னாகீ என்ற கருவியை வெளியிட்டார். அதன் வழியில் பெஞ்சமின் டெல்பி வானாகிவி என்ற கருவியைச் செய்தார். கோப்புகளைப் பூட்டிய சாவியை உருவாக்கப் பயன்பட்ட பகா எண்களை விண்டோஸ் எக்ஸ்பி, 7 போன்ற பழைய பதிப்புகள் நினைவகத்திலிருந்து துடைக்காமல் விட்டிருந்தன. அவற்றைத் தேடியெடுத்தால் பணயத்தொகை கட்டாமலே கோப்புகளைத் திறக்கலாம். முதல் நிபந்தனை: கணினியை அணைத்திருக்கக் கூடாது, ரீஸ்டார்ட்டும் செய்திருக்கக் கூடாது. ஆனால் சிவப்புத் திரையைக் கண்டதும் உலகம் முழுக்கப் பலரும் முதலில் செய்தது அதைத்தான். "சார், ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்துடட்டுமா?" என்ற கேள்வி இவ்வளவு விலை பிடித்ததில்லை.

இரண்டு வருடம் கழித்துக் கூடங்குளம். அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையமைப்போடு இணைந்த ஒரு கணினியில் தீநிரல் இருந்ததை இந்திய அணுமின் கழகம் 2019 அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் வலையமைப்பு தனி, அது தொடப்படவில்லை என்றும் சொன்னது. ஆய்வாளர்கள் அதை டிட்ராக் என்று அடையாளம் காட்டினார்கள். டிஸ்க்கில் குழம்பிய குப்பையாகக் கிடந்து, நினைவகத்தில் மட்டும் பிரிந்து, விண்டோஸின் நல்ல ப்ராசஸ் ஒன்றின் உடலுக்குள் புகுந்து ஓடும் இனம் அது. டிஸ்க்கை மட்டும் பார்ப்பவருக்கு அந்த ப்ராசஸ் யோக்கியமானது. வோலட்டிலிட்டியின் மால்ஃபைண்ட் போன்ற கட்டளைகள் கேட்பது வேறு கேள்வி: எந்தக் கோப்பிலிருந்தும் வராத நிரல் இந்த ப்ராசஸுக்குள் எப்படி ஓடுகிறது?

ஆக, இன்று ரேமை எடுக்க வேண்டுமா என்ற விவாதம் தீர்ந்துவிட்டது. எதை வைத்து எடுப்பது என்பதுதான் மிச்சம். இங்கே பலர் தப்பான முனையில் நேரம் செலவழிக்கிறார்கள் என்பது என் கட்சி. வோலட்டிலிட்டியா மெம்ப்ராக்எஃப்எஸ்ஸா என்று வாதாடுகிறார்கள். அலசும் கருவியை அடுத்த மாதம்கூட மாற்றிக்கொள்ளலாம், பிரதி கையில் இருக்கும். எடுக்கும் கருவிக்கு ஒரே வாய்ப்புதான்.

சர்வர் விஎம்வேர் மாதிரி ஒன்றின் மேல் ஓடினால் அதிர்ஷ்டம். நினைவகத்தையும் சேர்த்து ஸ்னாப்ஷாட் எடுத்தால் போதும். உள்ளே இருப்பவனுக்கு அது எளிதில் தெரியாது, எடுக்கும்போதே நினைவகம் மாறிப் பிரதி கலங்குவதும் குறையும். தனி இரும்புப் பெட்டியில் ஓடும் விண்டோஸ் என்றால் வின்பிமெம், டம்ப்இட் போன்றவை உண்டு. லினக்ஸ்தான் படுத்தும். ஒரு காலத்தில் டிடி கட்டளையால் நினைவகத்தை நேராக உறிஞ்சலாம். கெர்னல் அந்தக் கதவை அடைத்துவிட்டது. 2012-இல் வந்த லைம் நல்ல கருவி, ஆனால் அது கெர்னல் மாட்யூல். அந்தச் சர்வரின் கெர்னல் பதிப்புக்கே பொருந்தும்படி, வேறொரு கணினியில், முன்கூட்டியே கம்பைல் செய்து வைத்திருக்க வேண்டும். செக்யூர் பூட் இருந்தால் கையொப்பம் இல்லாத மாட்யூலை ஏற்றவும் விடாது. மைக்ரோசாஃப்ட் 2019-இல் தந்த ஏவிஎம்எல்லுக்குக் கம்பைல் வேலை இல்லை; கெர்னல் கடுமையாகப் பூட்டப்பட்டிருந்தால் அதுவும் வெறுங்கையோடு திரும்பும். எடுத்த பிரதியை அந்தச் சர்வரின் டிஸ்க்கிலேயே சேமிப்பது, அழிக்கப்பட்ட கோப்புகளின் மேல் நாமே மண்ணள்ளிப் போடுவது. வெளி டிஸ்க்கோ நெட்வொர்க்கோ வேண்டும். 256 ஜிபி ரேமை ஒரு ஜிகாபிட் கேபிளில் அனுப்ப ஏறக்குறைய 40 நிமிடம் பிடிக்கும்.

அந்த 40 நிமிடம்தான் இந்த வட்டாரத்தில் கஷ்டம். பெரிய ஆலைக்கு வரிசைப்படி பாகம் அனுப்பும் கம்பெனியில் சர்வர் நின்றால் லேபிள் அடிக்க முடியாது, லாரி நகராது. அங்கே லைன் நின்றால் இங்கே டெபிட் நோட். புரொடக்‌ஷன் மேனேஜர் வாசலில் நிற்கும்போது "கொஞ்சம் பொறுங்க சார்" என்று சொல்லும் அதிகாரம் பல இடங்களில் சிஸ்டம் அட்மினுக்கு இல்லை. அன்று இந்த நெருக்கடியே இல்லை. சர்வர் படுத்தால் சலானைக் கையில் எழுதி வண்டியை அனுப்பினார்கள்.

சட்டமும் இப்போது கடிகாரத்தைப் பார்க்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினி அவசர உதவிக் குழுவான செர்ட்-இன் இட்ட உத்தரவின்படி, ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலான புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ்ப் படிவத்தில் ஹாஷ் மதிப்புக்கே தனி இடம் இருக்கிறது. பிரதி எடுத்த கையோடு எஸ்எச்ஏ-256 கணக்கிட்டு எழுதி வைக்காவிட்டால், பின்னால் கோர்ட்டில் முதல் கேள்வியே அங்கேதான் வரும்.

ஆயுத பூஜைக்கு மெஷின்களை நிறுத்தித் துடைத்துப் பொட்டு வைப்பது இங்கே பல ஆலைகளில் நடக்கிறது. அதற்கு முந்தின நாள், லைன் ஓய்ந்த பிறகு, நல்ல நிலையில் இருக்கும் ஒவ்வொரு சர்வரிலும் ரேமை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். கருவி ஓடுகிறதா, எத்தனை நிமிடம் ஆகிறது, வோலட்டிலிட்டி 3 கேட்கும் அந்தக் கெர்னலின் சிம்பல் கோப்பு நம்மிடம் இருக்கிறதா என்று மூன்றும் ஒரே இரவில் தெரிந்துவிடும். எடுத்த பிரதியைப் பத்திரமாக வைத்தால், பிறகு சந்தேகம் வரும் நாளில் ஒப்பிட அதுவே கைகொடுக்கும்.