அமெச்சூர் கோல்ஃபிலிருந்து தொழில்முறை கோல்ஃபிற்கு மாறுதல்

கோல்ஃப் (குழிப்பந்தாட்டம்) விளையாட்டில் தொழில்முறைக்கு மாறுதல் என்பது, ஆர்வத்துக்காக ஆடிவந்த அமெச்சூர் ஆட்டக்காரர் அவ்விளையாட்டையே பிழைப்பாக ஏற்றுக்கொள்வதாகும். இது திறமைக்காக வழங்கப்படும் பட்டம் அன்று. பணம் தொடர்பாக ஒருவர் எடுக்கும் முடிவே அவருடைய நிலையை மாற்றுகிறது. ஆண்டிபட்டி வட்டாரத்தில் நடக்கும் ஊர்க் கபடிப் போட்டியில் பரிசுப் பணம் வாங்குவதால் ஒரு வீரரின் நிலை மாறிவிடுவதில்லை. கோல்ஃபில் வரம்புக்கு மேல் வாங்கினால் மாறிவிடும்.

விதிகள்

அமெச்சூர் நிலை குறித்த விதிகளை ஆர் அண்ட் ஏ, அமெரிக்க கோல்ஃப் சங்கம் ஆகிய இரு அமைப்புகளும் வகுக்கின்றன. 2022 சனவரி 1 முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி, ஒருவர் பின்வரும் செயல்களால் அமெச்சூர் நிலையை இழக்கிறார்:

- வரம்புக்கு (700 பவுண்டு அல்லது 1,000 டாலர்) மேற்பட்ட பரிசை ஏற்பது
- ஒரு போட்டியில் தொழில்முறையாளராக ஆடுவது
- ஊதியம் பெற்று ஆட்டம் கற்பிப்பது (சில விலக்குகள் உண்டு)
- கோல்ஃப் கழகத்தில் தொழில்முறை ஆட்டக்காரராகப் பணியேற்பது

ஆட்டத்தின்போது ஒரே அடியில் குழியில் பந்தை விழச் செய்வதற்கான பரிசுக்கு இந்த வரம்பு பொருந்தாது. முன்பு விளம்பரம், புரவலர் உதவி ஆகியவற்றுக்குக் கட்டுப்பாடு இருந்தது. 2022இல் அது நீக்கப்பட்டது. எனவே செலவுக்குப் பணம் திரட்டுவதற்காக மட்டும் அவசரப்பட்டுத் தொழில்முறைக்கு மாறவேண்டிய தேவை இப்போது இல்லை. மாறியவர் விண்ணப்பித்து மீண்டும் அமெச்சூர் ஆகலாம். ஆனால் காத்திருப்புக் காலம் உண்டு.

இந்தியாவில் இரு வழிகள்

இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் இரு வழிகளில் வந்தவர்கள்.

முதலாவது, அமெச்சூர் போட்டிகளின் வழி. பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக் 2015 டிசம்பரில் அமெச்சூராகவே ஐரோப்பிய மகளிர் சுற்றின் தகுதிப் போட்டியை வென்றார். அதன் பின்னரே, 2016 தொடக்கத்தில் தொழில்முறைக்கு மாறினார். அதே ஆண்டு இந்திய மகளிர் ஓப்பனை வென்றார். டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றார்.

இரண்டாவது, உழைப்பின் வழி. ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்து உடன் செல்வோர், ஆட்டத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டு, தொழில்முறையாளராக உயர்ந்தனர். டெல்லியில் பை சுமந்த அலி ஷேர், 1991இல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். பெங்களூரில் பை சுமந்த சின்னசாமி முனியப்பா 2009இல் அதே பட்டத்தை வென்றார். கொல்கத்தாவில் திடல் பராமரிப்பாளரின் மகனாகப் பிறந்த எஸ். எஸ். பி. சௌராசியா 2016, 2017 ஆகிய இரு ஆண்டுகளிலும் வென்றார்.

இவர்களுக்கு முன்பே, 1965இல், பி. ஜி. சேத்தி அமெச்சூராக இந்தியன் ஓப்பனை வென்றிருந்தார். அமெச்சூர் வென்றால் கோப்பை அவருக்கு உரியது. பரிசுப் பணம் தொழில்முறையாளர்களுக்கே சேரும். இரு நிலைகளுக்கும் உள்ள வேறுபாட்டை இது தெளிவாகக் காட்டுகிறது.

தகுதிச் சுற்று

ஆடவருக்கான உள்நாட்டுத் தொழில்முறைப் போட்டிகளை 2006இல் உருவான இந்தியத் தொழில்முறை கோல்ஃப் சுற்று (பி.ஜி.டி.ஐ.) நடத்துகிறது. 'தொழில்முறையாளர்' என்று அறிவித்துக்கொண்டால் மட்டும் இப்போட்டிகளில் இடம் கிடைக்காது. கியூ ஸ்கூல் எனப்படும் தகுதிப் போட்டியில் முன்னிலை பெறவேண்டும். இது முன்தகுதிச் சுற்று, இறுதிச் சுற்று என இரு கட்டங்களாக நடக்கிறது. பெண்களுக்கான போட்டிகளை இந்திய மகளிர் கோல்ஃப் சங்கம் நடத்துகிறது.

வருமானமும் செலவும்

தொழில்முறை ஆட்டக்காரருக்கு மாதச் சம்பளம் இல்லை. பெரும்பாலான போட்டிகள் நான்கு நாள்கள் நடக்கும். முதல் இரண்டு நாள்கள் முடிந்ததும் பின்தங்கியவர்கள் நீக்கப்படுவர். இது 'கட்' எனப்படும். அதைத் தாண்டாதவருக்குப் பொதுவாகப் பரிசுப் பணம் இல்லை. நுழைவுக் கட்டணம், பயணம், தங்குமிடம், பை சுமப்பவருக்கான கூலி எல்லாம் அவர் கைப்பணமே. நன்றாக ஆடுபவரும் சில வாரங்கள் தொடர்ந்து வெறுங்கையோடு திரும்ப நேரலாம். எனவே, அமெச்சூராக இருக்கும்போதே தகுதிப் போட்டியில் தம்மைச் சோதித்துப் பார்ப்பதும், ஓராண்டுச் செலவைக் கணக்கிட்டுக்கொள்வதும், படிப்பைக் கைவிடாதிருப்பதும் பாதுகாப்பானவை.

போட்டிகளில் ஆடுவது மட்டுமே தொழில் அன்று. பயிற்சி பெற்று ஆசானாவதும் தொழில்முறையே. அதில் வருமானம் ஓரளவு நிலையானது.

தேனி வட்டாரத்திலிருந்து

ஆண்டிபட்டிப் பகுதிக்கு அருகிலுள்ள பழமையான கோல்ஃப் திடல் கொடைக்கானலில் உள்ளது. 18 குழிகள் கொண்ட இத்திடலுக்குரிய கழகம் 1895இல் தொடங்கப்பட்டது. உதகை, வெல்லிங்டன், கோயம்புத்தூர், சென்னை ஆகிய இடங்களிலும் திடல்கள் உண்டு. பள்ளித் திடலில் கற்கக்கூடிய கபடி, கைப்பந்து போன்றது அன்று கோல்ஃப். கழகத்துக்குள் நுழைந்தாலன்றிக் கற்க இயலாது. வசதியற்ற பிள்ளைகளுக்கு அந்தக் கதவைத் திறந்துவிட்டது பெரும்பாலும் பை சுமக்கும் வேலையே என்பதை அலி ஷேர் முதலானோரின் வாழ்க்கை காட்டுகிறது.