முட்டி வலிக்கு ஊசி போட்டுக்கொள்ளலாமா?

ஊசி என்றால் நம் ஜனங்களுக்கு ஒரு தனி மரியாதை. மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பும் டாக்டரை விட, 'சுருக்'கென்று ஒன்று போட்டு அனுப்புகிறவர்தான் கைராசிக்காரர்! 2002 முதல் 2004 வரை இந்தியா முழுவதும் நடந்த ஓர் ஆய்வில், ஆண்டுக்குச் சுமார் 300 கோடி ஊசிகள் போடப்படுவதாகக் கணக்கிட்டார்கள். அவற்றில் 100க்கு 60க்கும் மேல் பாதுகாப்பில்லாத முறையில் போடப்பட்டவையாம்.

சென்ற வருஷம் ஜவ்வாது மலையில் உள்ள காவலூருக்குப் போயிருந்தோம். அங்கே போகிறவர்கள் எல்லோரும் வானத்தைப் பார்க்கப் போகிறவர்கள். வைனு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986ல் திறக்கப்பட்டதிலிருந்து அந்த ஊருக்கு அதுதான் பெயர். நான் என்னவோ முழங்கால்களைத்தான் பார்த்துக் கொண்டிருந்தேன். மேடும் பள்ளமுமான பாதை, தலையில் விறகுக் கட்டு, இடுப்பில் குடம். நாற்பது வயதிலேயே கையை முட்டியில் ஊன்றி எழுந்திருக்கிற பெண்கள்.

டீக்கடை வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"முட்டி நோவுதும்மா. கீழே போய் ஒரு ஊசி போட்டுக்கினு வந்தா பத்து நாளைக்கு ஓடும். அப்புறம் மறுபடியும் போவணும்."

"என்ன ஊசி? முட்டியிலா போடுறாங்க?"

"இடுப்புலதான். என்ன மருந்துன்னு யாரு கேட்டா?"

இந்தக் கேள்வியை ஊருக்கு வந்ததும் என் நாத்தனார் பெண்ணிடம் கேட்டேன். எலும்பு மூட்டு மருத்துவத்தில் மேல்படிப்பு படிக்கிறாள். இடுப்பில் போடுகிற வலி ஊசி வேறு, மூட்டுக்குள்ளேயே போடுகிற ஊசி வேறு என்றாள். முதலாவது, உடம்பு முழுவதும் பரவி வலியைக் கொஞ்ச நேரம் மறைக்கும். இடம் தவறிக் குத்தினால் பிட்டத்தில் ஓடும் பெரிய நரம்பில் பட்டு, பாதத்தைத் தூக்க முடியாமல் போனவர்களும் உண்டு. இரண்டாவதில், ஸ்டீராய்டு மருந்தோடு மரத்துப்போக வைக்கும் மருந்தையும் கலந்து, வீங்கியிருக்கும் இடத்திலேயே கொண்டுபோய் வைக்கிறார்கள்.

இதற்கு ஒரு சுவையான கதை இருக்கிறது. 1948ல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் நடக்கவே முடியாமல் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு டாக்டர் ஃபிலிப் ஹென்ச் குழுவினர் கார்ட்டிசோன் கொடுத்தார்கள். சில நாளில் அந்த அம்மாள் எழுந்து கடைவீதிக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்துவிட்டாராம்! (நாமாக இருந்தாலும் முதலில் அங்கேதான் போயிருப்போம்.) 1950ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் தொடர்ந்து கொடுத்தபோது முகம் வீங்கி, எலும்பு பலமிழந்து, மருந்தின் மறுபக்கமும் தெரிந்தது. உடம்பு முழுவதும் எதற்கு, வலிக்கிற மூட்டுக்குள் மட்டும் போடலாமே என்று 1951ல் ஜோசப் ஹாலண்டர் என்ற டாக்டர் செய்து காட்டினார். அன்று தொடங்கியதுதான் இந்த மூட்டு ஊசி.

"கத்துக்க ரொம்ப நாள் ஆகுமா?" என்று கேட்டேன்.

"குத்தறதுக்கு நாள் ஆகாது அத்தை. யாருக்குக் குத்தக் கூடாதுன்னு தெரிஞ்சுக்கத்தான் நாள் ஆகுது" என்றாள்.

முதலில் பொம்மை முழங்காலில் பழகுகிறார்கள். நோயாளி காலை நீட்டிப் படுத்திருக்க, முட்டிச் சில்லைப் பக்கவாட்டில் லேசாகத் தள்ளி, அதற்கும் தொடை எலும்புக்கும் நடுவே உள்ள சந்தைக் கைவிரலால் தேடிப் பிடிக்க வேண்டும். கிடைத்ததும் பேனா மூடியால் அழுத்தி ஒரு வட்டம். பிறகு சுத்தம் செய்து, அந்த இடத்தை மறுபடி விரலால் தொடுவதே இல்லை. ஊசி உள்ளே போனதும் மருந்தைச் செலுத்துவதற்கு முன்னால் பின்னுக்கு இழுத்துப் பார்க்கிறார்கள். வருகிற நீர் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தால் சரி. கலங்கலாக வந்தால் சீழாக இருக்கலாம். ஸ்டீராய்டு போடாமல் நீரைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட வேண்டும். மருந்து தடையில்லாமல் போக வேண்டும். தடுத்தால் ஊசி முனை தசைநாரில் இருக்கிறது என்று அர்த்தம். அங்கே அழுத்தித் தள்ளினால் நார் பலவீனப்பட்டு அறுந்தே போகலாம். குதிகாலுக்கு மேலுள்ள தடித்த நாரில் இந்த ஊசி கூடாது என்று சொல்வது இதனால்தான். இப்போது அல்ட்ராசவுண்டில் ஊசி முனையைப் பார்த்துக்கொண்டே போடவும் கற்றுக் கொடுக்கிறார்கள்.

காவலூர்க்காரர்களுக்குப் பக்கத்துப் பெரிய ஊரான வேலூரில் இத்தகைய படிப்புக்கு ஒரு பெருமையான சரித்திரம் உண்டு. 1954ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். அவர் முயற்சியால் 1966ல் சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு நிலையம் உருவானது. ஊசியும் உடற்பயிற்சியும் ஒரே துறையில் சேர்ந்திருக்கிற படிப்பு இது.

இங்கிலாந்தில் 1995 முதல் தனிப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டுகளும் மூட்டு ஊசி போடுகிறார்கள். நம் நாட்டில் அது டாக்டரின் வேலை.

சரி, போட்டுக்கொள்ளலாமா? எல்லா இடத்திலும் பலன் ஒன்றல்ல. கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கிக் கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் வலி வருகிறதே, அதற்கு நல்ல பலன் தருகிறது. மடங்கிச் சிக்கிக்கொள்ளும் விரலுக்கும் அப்படியே. ஆனால் தோலுக்கு வெகு அருகில் மருந்து தங்கினால் அங்கே வெளிர்த்த தேமல் மாதிரி நிறம் மாறும். நம் நிறத்துக்கு அது பளிச்சென்று தெரியும். முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

முட்டித் தேய்மானத்தில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. வலி குறைவது சில வாரங்களுக்குத்தான். 2017ல் அமெரிக்காவில் 140 பேரிடம் 12 வாரத்துக்கு ஒரு ஊசி வீதம் 2 வருஷம் போட்டுப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு, மீதிப் பேருக்கு வெறும் உப்பு நீர். வலியில் வித்தியாசம் இல்லை. ஸ்டீராய்டு போட்டவர்களின் குருத்தெலும்புதான் அதிகம் தேய்ந்திருந்தது! 2020ல் 156 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில், ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது ஊசி போட்டுக்கொண்டவர்களை விட, பிசியோதெரபி செய்துகொண்டவர்களுக்கே வலியும் சிரமமும் குறைவாக இருந்தன. எழுந்திருக்கவே முடியாத வீக்கத்தை அடக்கி, பயிற்சி தொடங்க ஒரு ஊசி உதவலாம். மாதாமாதம் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

போட்டுக்கொள்ளும் முன் சர்க்கரை வியாதி, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, காய்ச்சல், புண், கர்ப்பம், மருந்து ஒவ்வாமை எதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சர்க்கரைக்காரர்களுக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறும். ஊசிக்குப் பின் மூட்டு சூடாகி வீங்கி, காய்ச்சலும் வந்தால் அன்றே டாக்டரிடம் ஓட வேண்டும். தைலம் தடவிக் காத்திருக்கக் கூடாது. போடப்போகும் மருந்தின் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று பயப்பட வேண்டாம்.

மலைக்கிராமத்துப் பெண்கள் பிசியோதெரபிக்கு எங்கே போவார்கள் என்கிறீர்களா? 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், தேவைப்படுகிறவர்களின் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வர ஏற்பாடு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

அவர்கள் முதலில் சொல்லித்தருவது இதுதான்: காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். தொடையை இறுக்கி முட்டியால் துண்டைக் கீழே அழுத்தி 5 எண்ணி விடுங்கள். காலையில் 10 தடவை, சாயங்காலம் 10 தடவை.