கடகடக்கும் மேக்னடிக் ஸ்டிரர்... சத்தத்தை வைத்தே கோளாறைக் கண்டுபிடிக்கலாம்!

சூடோமோனாஸ், ரைசோபியம் போன்ற நன்மை செய்யும் பாக்டீரியாக்களைச் சொந்தத் தேவைக்காகத் தாங்களே பெருக்கிக்கொள்ளும் விவசாயிகளும் உழவர் குழுக்களும் கூடி வருகிறார்கள். வேளாண் கல்லூரியிலிருந்தோ வேளாண் அறிவியல் நிலையத்திலிருந்தோ சிறிய குழாயில் தாய்வித்து வாங்கி வருகிறார்கள். அதை 1 லிட்டர் குடுவையில் வளர்த்து, பிறகு 20 லிட்டர் டிரம்முக்கு மாற்றுகிறார்கள். இந்த வேலையில் முதல் 48 மணி நேரம்தான் முக்கியம். அந்த நேரத்தில் குடுவைக்கு அடியில் இருந்து கரைசலைச் சுழற்றிவிடும் கருவிதான் மேக்னடிக் ஸ்டிரர்.

இதில் பலரும் சொல்லும் குறை, சத்தம். இரவு முழுக்க ஓடும் கருவி 'டக டக' என்று அடித்துக்கொண்டால் வீட்டில் யாரும் தூங்க முடியாது. ஆனால், தூக்கம் கெடுவது சின்ன நஷ்டம்தான். சத்தம் என்பது பெரும்பாலும் கரைசல் சரியாகச் சுழலவில்லை என்பதற்கான அறிகுறி. சத்தம் வருகிறதே என்று கருவியை நிறுத்திவிட்டுப் படுத்தால், காலையில் குடுவையில் இருப்பது வளர்ச்சி குன்றிய கரைசல்தான். அதை நம்பிச் சம்பா விதையை நேர்த்தி செய்தால், நாற்றங்காலில் பலன் தெரியாது. மறுபடி தாய்வித்து வாங்கி வளர்க்க, விதைப்புப் பருவம் காத்திருக்காது.

ஏன் சுழல வேண்டும்?

சூடோமோனாஸ், ரைசோபியம் இரண்டும் காற்றை விரும்பும் பாக்டீரியாக்கள். 30 டிகிரி வெப்பத்தில் 1 லிட்டர் தண்ணீரில் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் பெருகும்போது இந்த அளவு சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். மேல்பரப்பு புரண்டுகொண்டே இருந்தால்தான் புதிய காற்று உள்ளே கரையும். இதற்காகத்தான் குடுவையைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது என்பதும், பஞ்சு அடைப்பு உலர்ந்திருக்க வேண்டும் என்பதும்.

கருவியின் அமைப்பு எளிமையானது. பெட்டிக்குள் ஒரு மோட்டார். அதன் தலையில் காந்தம். குடுவைக்குள் வெள்ளைப் பூச்சுள்ள ஒரு காந்தக் குச்சி. ஆய்வகப் பொருள் விற்பவர்கள் இதை 'பீட்' என்பார்கள். கீழே காந்தம் சுற்ற, மேலே பீட் கூடவே சுற்றும். இந்த அமைப்புக்கு அமெரிக்காவில் ஆர்தர் ரோசிங்கர் என்பவர் 1944-ல் காப்புரிமை பெற்றார். பிற்காலத்தில், வீட்டில் பீர் தயாரிக்கும் அமெரிக்கர்கள் ஈஸ்ட் பெருக்குவதற்காகப் பழைய கம்ப்யூட்டர் காற்றாடியில் காந்தம் ஒட்டி இதைத் தாங்களே செய்துகொண்டார்கள். தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். ஆனால், ஈஸ்ட்டைப் பெருக்கும் அதே கருவி நம் உயிர் உர பாக்டீரியாவையும் பெருக்கித் தரும். கடையில் வாங்கிய கருவியோ, காற்றாடியில் செய்த கருவியோ, சத்தத்துக்கான காரணங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்.

முதலில் மூன்று சோதனைகள்

எதையும் கழற்றுவதற்கு முன், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிய வேண்டும். இதைத் தாய்வித்து இட்ட குடுவையை வைத்துச் செய்யக் கூடாது. அதே அளவுள்ள வேறு குடுவையில் வெறும் தண்ணீர் ஊற்றிச் செய்ய வேண்டும்.

1. மேலே எதுவும் வைக்காமல் கருவியை ஓட விடுங்கள். இப்போதே சத்தம் வந்தால் கோளாறு மோட்டாரிலோ, காந்தத்திலோ, பெட்டியிலோ இருக்கிறது.

2. பீட் போடாமல், தண்ணீர் நிரம்பிய குடுவையை மட்டும் மேலே வையுங்கள். இப்போது சத்தம் தொடங்கினால், எடை தாங்காமல் மேல்தட்டு வளைந்து, சுற்றும் காந்தத்தில் உரசுகிறது.

3. பீட்டைப் போட்டு ஓட விடுங்கள். இப்போதுதான் சத்தம் வருகிறது என்றால், பீட், குடுவையின் அடிப்பாகம், வேகம், காந்த ஈர்ப்பு ஆகிய நான்கில் ஒன்றுதான் காரணம்.

'டக டக' என்று கண்ணாடியில் அடித்தால்...

அதிகம் வரும் கோளாறு இதுதான். கீழே உள்ள காந்தத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பீட் நடுவை விட்டு விலகி, ஓரத்தில் கிடந்து துள்ளுகிறது. அந்த நேரத்தில் கரைசல் சுழலாது. வேகத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்துத் திருகினால் நிலைமை மோசமாகும். கருவியை முழுவதும் நிறுத்துங்கள். பீட் தானாக நடுவுக்கு வரும். வராவிட்டால் குடுவையை மெதுவாக நகர்த்தி நடுவில் நிறுத்துங்கள். பிறகு, மிகக் குறைந்த வேகத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

எந்த வேகம் போதும்? கரைசலின் மேல்பரப்பில் நடுவில் சிறிய குழி விழுந்தால் போதும். அடி வரை நீர்ச்சுழி தெரிய வேண்டியதில்லை. அதிக வேகத்தில் கரைசல் தெறித்துப் பஞ்சு அடைப்பை நனைத்துவிடும். நனைந்த பஞ்சு வழியாக வெளிக்கிருமி உள்ளே நுழைய வாய்ப்பு அதிகம்.

நிதானமாகத் தொடங்கியும் பீட் விலகினால் குடுவையின் அடியைப் பாருங்கள். ஊறுகாய் பாட்டில், பழச்சாறு பாட்டில் போன்றவற்றின் அடிப்பாகம் நடுவில் மேடாக இருக்கும். சில கூம்புக் குடுவைகளிலும் லேசான மேடு உண்டு. மேட்டின் மேல் நிற்கும் பீட் சறுக்கத்தான் செய்யும். ஒரு நேரான அளவுகோலை அடியில் வைத்துப் பார்த்தாலே மேடு பள்ளம் தெரிந்துவிடும். தட்டையான அடியுள்ள குடுவைக்கு மாறுவதுதான் நிரந்தரத் தீர்வு.

பீட்டின் நீளமும் முக்கியம். 1 லிட்டர் குடுவைக்கு 25 முதல் 40 மி.மீ நீளமுள்ள பீட் பொருந்தும். கீழே ஒட்டிய இரண்டு காந்தங்களுக்கு இடையே உள்ள தூரமும் பீட்டின் நீளமும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். காந்தங்கள் நெருக்கமாகவும் பீட் நீளமாகவும் இருந்தால் பிடிப்பு இருக்காது. சில பீட்களின் நடுவில் ஒரு வளையம் இருக்கும். அதில் சத்தம் வந்தால் வளையம் இல்லாததையும், வளையம் இல்லாததில் வந்தால் வளையம் உள்ளதையும் தண்ணீரில் போட்டுப் பார்த்து, அமைதியாக ஓடுவதை வைத்துக்கொள்ளலாம்.

'கர கர' என்று உரசினால்...

காந்தத்துக்கும் மேல்தட்டுக்கும் இடையே 2 முதல் 5 மி.மீ இடைவெளி வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் மூடி மேல்தட்டாக இருந்தால் எடை ஏறியதும் குழிந்துவிடும். 3 மி.மீ தடிமனுள்ள அக்ரிலிக் தகடோ பிளைவுட்டோ போட்டால் வளையாது. காந்தம் ஒட்டக்கூடிய தகரத்தை மேல்தட்டாக வைக்கவே கூடாது. அது காந்தத்தைத் தன் பக்கம் இழுக்கும். பீட்டுக்குப் போக வேண்டிய ஈர்ப்பும் குறையும்.

காற்றாடியில் செய்த கருவிகளில் வேறொரு சிக்கலும் உண்டு. குடுவை இல்லாதபோது அமைதியாக ஓடும். பீட் போட்ட குடுவையை வைத்ததும் கரகரக்கும். பீட்டின் ஈர்ப்பால் காற்றாடியின் நடுப்பகுதி லேசாக மேலே தூக்கப்பட்டு, அச்சில் உரசுவதுதான் காரணம். காற்றாடிக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள திருகுகளில் இரண்டு வாஷர் சேர்த்தோ குறைத்தோ, தட்டுக்கும் காந்தத்துக்கும் உள்ள தூரத்தை ஒவ்வொரு மில்லிமீட்டராகக் கூட்டிப் பாருங்கள். உரசல் நின்று, பீட்டும் நழுவாமல் ஓடும் இடம் ஒன்று கிடைக்கும்.

காற்றாடியில் 'ஸ்லீவ் பேரிங்', 'பால் பேரிங்' என இரு வகை உண்டு. ஸ்லீவ் பேரிங் காற்றாடி நிமிர்ந்து நிற்பதற்கானது. படுக்க வைத்து நாள்கணக்கில் ஓட்டினால் சீக்கிரம் தேய்ந்து சத்தம் போடும். புதிதாக வாங்குபவர்கள் பால் பேரிங் என்று கேட்டு வாங்குவது நல்லது.

மேஜையே அதிர்ந்தால்...

காந்தம் நடுவில் இல்லை என்று பொருள். பல காற்றாடிகளின் நடுக்குமிழுக்குள் இரும்புக் கிண்ணம் இருக்கும். அதனால் பசை இல்லாமலேயே காந்தம் ஒட்டிக்கொள்ளும். இதை நமக்குச் சாதகமாகப் பயன்படுத்தலாம். காந்தத்தை ஒட்ட வைத்துக் குறைந்த வேகத்தில் ஓட விட்டு, பிறகு நிறுத்தி, ஒரு மயிரிழை நகர்த்தி மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். அதிர்வு எங்கே குறைகிறதோ அங்கே குறியிட்டு, அதன் பிறகு இரண்டு குழாய்ப் பசையைக் கலந்து ஒட்டும் எபாக்சி வகையால் ஒட்ட வேண்டும். உடனே காயும் பசை, அதிர்வில் விட்டுப் போய்க் காந்தம் தெறித்துவிடலாம்.

இரண்டு காந்தம் ஒட்டுபவர்கள் ஒன்றின் வடமுனையும் மற்றொன்றின் தென்முனையும் மேலே இருக்குமாறு வைக்க வேண்டும். இரண்டிலும் ஒரே முனை மேலே இருந்தால் பீட் நிலைகொள்ளாது. நியோடிமியம் காந்தங்கள் விரலை நசுக்கும் அளவு வலுவானவை. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இவற்றைக் கையாளக் கூடாது.

நடுப்படுத்திய பிறகும் மேஜை முனகினால், பெட்டியின் நான்கு மூலைகளிலும் பழைய சைக்கிள் டியூப் துண்டுகளை ஒட்டுங்கள். சாக்கு, துணி போன்றவற்றை விரித்தால் கருவியின் காற்று வழி அடைபட்டுச் சூடேறும்.

மெல்லிய 'கீய்ய்ங்' சத்தம்

இது வேகக் கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து வருவது. மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்பும் வகைப் பலகைகளில் குறைந்த வேகத்தில் இப்படிக் கேட்கும். வோல்ட் மாற்றக்கூடிய அடாப்டர் போட்டால் அடங்கிவிடும். 12 வோல்ட் காற்றாடி பல சமயம் 5 முதல் 7 வோல்ட்டிலேயே நமக்குத் தேவையான வேகத்தில் சுற்றும். வீட்டு மின்விசிறியின் ரெகுலேட்டரை இதற்கு இணைக்கக் கூடாது.

வெப்பத்தையும் பாருங்கள்

நாள் முழுக்க ஓடும் மோட்டார் மெல்லச் சூடேறும். அந்தச் சூடு குடுவைக்கும் ஏறும். சூடோமோனாஸ் புளோரசன்சுக்கு 25 முதல் 30 டிகிரி உகந்தது. 42 டிகிரியில் அது வளரவே வளராது. ஆனால், மனிதருக்கு நோய் தரக்கூடிய சூடோமோனாஸ் ஏருஜினோசா அந்த வெப்பத்திலும் வளரும். எனவே, கோடையில் தகரக் கொட்டகைக்குள் கருவியை வைக்கக் கூடாது. கரைசல் இளம் மஞ்சள் கலந்த பச்சையாக இல்லாமல் நீலம் கலந்த பச்சையாக மாறினாலோ, கெட்ட வாடை வந்தாலோ வயலுக்குக் கொண்டு போகாதீர்கள். குடுவையோடு குக்கரில் வைத்து வேகவைத்து, அதன் பிறகே கொட்ட வேண்டும்.

பீட்டைக் கரைசலோடு சேர்த்தே குக்கரில் 15 பவுண்ட் அழுத்தத்தில், 121 டிகிரியில் 20 நிமிடம் வேகவைக்கலாம். ஆனால், பூச்சில்லாத நியோடிமியம் காந்தத்தைப் பீட்டுக்குப் பதிலாகப் போடக் கூடாது. சாதாரண ரகம் 80 டிகிரிக்கு மேல் வலுவிழக்கும், துருவும் பிடிக்கும். பீட்டின் வெள்ளைப் பூச்சு தேய்ந்து உள்ளே கறுப்பு தெரிந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.

வாசகர் கேள்விகள்

'இரவில் சத்தம் கேட்டு எழுந்தபோது சுழற்சி நின்றிருந்தது. கரைசலைக் கொட்டிவிடலாமா?'

சில மணி நேரம் நின்றதால் பாக்டீரியா செத்துவிடாது, வளர்ச்சிதான் தாமதமாகும். மறுபடி ஓடவிட்டு, நின்ற நேரத்தையும் சேர்த்துக் கூடுதலாக வளர்க்கலாம். இரவு முழுக்க நின்றிருந்தால், நிறமும் வாடையும் சரியாக இருந்தாலும், எண்ணிக்கையைப் பரிசோதிக்காமல் டிரம்முக்கு மாற்ற வேண்டாம். திரவ உயிர் உரத்தில் 1 மில்லியில் குறைந்தது 10 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும் என்பது உரக்கட்டுப்பாட்டு ஆணையின் அளவு.

'பஞ்சகவ்யா, ஜீவாமிர்தம் கலக்க இதைப் பயன்படுத்தலாமா?'

தேவையில்லை. சாணத்தின் நார் பீட்டைச் சிக்க வைத்துவிடும். அவற்றுக்குக் காலை, மாலை குச்சியால் கலக்கிவிடுவதே போதும்.

'காளான் திரவ வித்துக்கு இரவும் பகலும் ஓட வேண்டுமா?'

வேண்டாம். பூசண இழைகள் கட்டி சேராமல் உடைப்பதற்காகத் தினமும் சில நிமிடம் மெதுவாக ஓட்டினால் போதும். கட்டி பெரிதான பிறகு ஓட்டினால் பீட் சிக்கிக்கொண்டு 'டக டக' என்று அடிக்கும்.

'மீன் தொட்டிக் காற்று பம்ப் சத்தமில்லாமல் ஓடுகிறதே, அதை வைக்கலாமா?'

வைக்கலாம். ஆனால், வெறும் காற்றை விட்டால் கிருமியும் சேர்ந்தே போகும். 0.2 மைக்ரான் வடிகட்டி வழியாகத்தான் காற்று போக வேண்டும். நுரை பொங்கும் என்பதால் குடுவையில் கூடுதல் காலியிடமும் விட வேண்டும்.

'மிஞ்சியதைப் பக்கத்து விவசாயிகளுக்கு விற்கலாமா?'

அனுமதியில்லாமல் விற்கக் கூடாது. உயிர் உரங்கள் 1985-ம் ஆண்டு உரக்கட்டுப்பாட்டு ஆணையின் கீழும், சூடோமோனாஸ் போன்ற உயிரியல் கட்டுப்பாட்டுப் பொருள்கள் 1968-ம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழும் வருகின்றன. விற்கும் எண்ணம் உள்ள குழுக்கள், டிரம் வாங்குவதற்கு முன்பே வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.