ஸந்தலும் நஃலும்

காலில் அணியும் 'சாண்டல்' சந்தன மரத்தால் செய்யப்பட்டதால்தான் அப்பெயர் பெற்றது என்று எண்ணுவோர் உளர். அரபு அகராதியைப் புரட்டினால் இவ்வெண்ணம் வலுப்பெறவே செய்யும். 'ஸந்தல்' என்னும் சொல்லுக்கு அங்கு நறுமண மரம் என்றும் பொருள் உண்டு. காலணி என்றும் பொருள் உண்டு. ஆயினும் இவை ஒலியால் ஒன்றுபட்ட இரு வேறு சொற்களே.

மரத்தின் பெயர் நம் திசையிலிருந்து சென்றது. வடமொழிச் 'சந்தனம்' அதன் மூலம். அதனையும் 'சாந்து' என்னும் தமிழ்ச் சொல்லோடு உறவுபடுத்தும் மொழியியலாளர் உண்டு. பாரசீகத்தின் வழியே அது அரபியை அடைந்தபோது, சொல்லின் முதலில் நாம் ஒலிக்கும் வல்லின 'ச்'சுக்கு அங்கே எழுத்தில்லாமையால் 'ஸாத்' அவ்விடத்தில் அமர்ந்தது. சீனம் அரபியில் 'ஸீன்' ஆனதும் இம்முறையிலேயே.

காலணியின் பெயரோ கிரேக்கரின் 'சாண்டலோன்'. அதன் குறுமை வடிவம் இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தது. இன்றைய அரபியில் காலணியைச் சுட்டும் 'ஸந்தல்' இந்தக் கிரேக்கக் கிளையைச் சேர்ந்த இரவற் சொல்.

அரபியரின் சொந்தச் சொல் 'நஃல்'. திருக்குர்ஆனில் அது ஒரே ஓரிடத்தில் வருகிறது. துவா பள்ளத்தாக்கில் மூஸா (அலை) அவர்களுக்கு இறைவன் இட்ட கட்டளையில் (20:12), இரு கால்களுக்குரியவை என்பதைக் காட்டும் இருமை வடிவில் அது அமைந்துள்ளது. நபி (ஸல்) அவர்களின் நஃலுக்கு இரண்டு வார்கள் இருந்தன என்று அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. ஆக, நஃல் என்பது அடித்தோலும் வாரும் கொண்டது, புறங்காலைப் போர்த்துவதன்று. போர்த்துவது 'குஃப்பு'.

இரண்டையும் 'காலணி' என்றே தமிழில் எழுதிவிடுவது சிறு பிழையன்று. இஹ்ராம் அணிந்த ஆணுக்கு நஃல் ஆகும், குஃப்பு ஆகாது. நஃல் கிடைக்காதவர் குஃப்பைக் 'கஃபு'க்குக் கீழே வெட்டி அணியலாம் என்பது இப்னு உமர் (ரலி) அறிவிப்பு. ஒளூவின்போது ஈரக்கையால் தடவும் 'மஸ்ஹு'க்கோ நிலைமை தலைகீழ்: அச்சலுகை குஃப்புக்கு உரியது; வெறும் நஃல்மீது மஸ்ஹு செய்வதைப் பெரும்பாலான இமாம்கள் ஏற்பதில்லை. வழிகாட்டி நூலில் 'காலணி' என்று மட்டும் கண்டவர், எதைக் கழற்றுவது, எதன்மேல் தடவுவது என்று எவ்வாறு அறிவார்?

'கஃபு' என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. பொதுவாக அது கணுக்காலைக் குறிக்கும். ஹனஃபி சட்ட நூல்களோ, இஹ்ராம் பற்றிய இவ்விடத்தில் மட்டும், புறங்காலின் நடுவே வார் கட்டும் எலும்பையே அது சுட்டுகிறது என விளக்குகின்றன. அதன்படி, கடைக்காரர் 'சாண்டல்' என்று விற்றாலும், அவ்வெலும்பை மூடி நிற்பது இஹ்ராமுக்கு உரிய நஃல் ஆகாது.