சொல்லிக் கொடுப்பவர் பறந்தவரா?

மேல்நிலை வகுப்பில் உயர்கல்வி பற்றிப் பேச்செடுத்தால் ஒன்றிரண்டு பிள்ளைகளாவது விமானத் துறை என்கிறார்கள். ராசிபுரத்திலிருந்து சேலத்தைத் தாண்டினால் ஓமலூர் அருகே காமலாபுரத்தில் விமான நிலையம் இருக்கிறது. விமானப் பயிற்சிப் பள்ளிகள் அமைக்க 2022இல் இந்திய விமான நிலைய ஆணையம் இடம் ஒதுக்கிய ஐந்து நிலையங்களில் சேலமும் ஒன்று. ஆசை வருவது இயல்புதான். ஆனால் விசாரிக்கப் போகும் பெற்றோர் கட்டணம், விடுதி, வேலை என்ற மூன்றோடு திரும்பிவிடுகிறார்கள். யார் சொல்லிக் கொடுப்பார், அவருடைய தகுதி என்ன என்று கேட்பவர் அரிது. நிலத்தை அடகு வைத்துப் பல லட்சம் கட்டுகிற குடும்பத்துக்கு இந்தக் கேள்வியை எடுத்துக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.

விமானத் துறை என்பது ஒரே படிப்பல்ல. விமானத்தை வடிவமைக்கக் கற்பது வானூர்திப் பொறியியல். அங்கே ஆசிரியருக்கு எம்.இ., முனைவர் பட்டம் போன்றவை தேவை. விமானத்தைப் பராமரிக்கக் கற்பது வேறு. அங்கே உரிமம் பெற்று, விமானத்தில் கை வைத்து வேலை பார்த்தவரின் பாடத்துக்குத் தனி மதிப்பு. ஓட்டக் கற்பது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்துச் சேர்ந்துவிட்டுப் பிறகு வருந்தும் பிள்ளைகள் உண்டு.

ஓட்டக் கற்கும் மாணவர் தம் பயிற்றுநரிடம் முதலில் பார்ப்பது பட்டத்தை அல்ல, பறந்த மணிநேரத்தை. ஒவ்வொரு விமானியும் லாக் புக் என்ற பதிவேடு வைத்திருப்பார். எந்த நாள், எந்த விமானம், எவ்வளவு நேரம், தனியாகவா பயிற்றுநருடனா என்று எல்லாம் அதில் ஏறும். இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணிநேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணிநேரம் விமானத்தின் பொறுப்பைத் தானே ஏற்று ஓட்டியதாக இருக்க வேண்டும். பயிற்றுநராவதற்கு அதற்கு மேல் தனித் தகுதி பெற வேண்டும். மாணவர் இடப்பக்க இருக்கையில், பயிற்றுநர் வலப்பக்கத்தில், இருவர் முன்னும் ஓட்டும் கருவிகள். தனியாகப் பறக்கலாம் என்று அவர் ஒப்புதல் தந்த பிறகே மாணவர் முதன்முறை தனியே மேலெழ முடியும். அவருடைய கணிப்பு தவறினால் போவது மதிப்பெண் அல்ல, உயிர்.

இருந்தாலும் மணிநேரம் மட்டும் போதாது. அமெரிக்காவில் பெரிய விமான நிறுவனத்தில் சேரப் பொதுவாக 1500 மணிநேரம் வேண்டும். அதைச் சேர்ப்பதற்காகவே பலர் சில காலம் பயிற்றுநராகிறார்கள். கணக்கு நிறைந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். பாதிக் கற்ற மாணவர் புதியவரிடம் மறுபடி தொடங்க வேண்டியதாகிறது. ஆகவே கடைசி வரை உடனிருப்பாரா என்பதும் தகுதியோடு சேர்த்துக் கேட்க வேண்டிய ஒன்று.

அதே நாட்டில் நமக்கு மகிழ்ச்சி தரும் ஒரு விதியும் இருக்கிறது. விமானப் பயிற்றுநராக விரும்புவோர் கற்பித்தலின் அடிப்படைகள் என்ற தேர்வை எழுத வேண்டும். மாணவர் எப்படிக் கற்கிறார், பாடத்தை எப்படித் திட்டமிடுவது, எப்படி மதிப்பிடுவது ஆகியவை அதில் வரும். ஏழாம் வகுப்புக்கும் மேலும் கற்பிக்க அரசுச் சான்றிதழ் பெற்று அது நடப்பில் இருக்கும் ஆசிரியருக்கு அந்தத் தேர்விலிருந்து விலக்கு! பி.எட்.டை வெறும் காகிதம் என்று கேலி செய்பவர்களிடம் இதைச் சொல்லலாம்.

வடிவமைப்புப் படிப்புக்கு நம் ஊர்ச் சான்று குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1950களில் அங்கே வானூர்திப் பொறியியல் படித்த அப்துல் கலாம், 'அக்கினிச் சிறகுகள்' நூலில் தம் ஆசிரியர்களை விரிவாகவே நினைவுகூர்கிறார். அவர்களில் ஒருவரான கர்ட் டாங்க், ஜெர்மனியின் எஃப்.டபிள்யூ.190 போர் விமானத்தை வடிவமைத்தவர். பின்னர் பெங்களூரு எச்.ஏ.எல்.லில் 'மாருத்' விமானத்தை உருவாக்கியவர். காற்றியக்கவியலை ஸ்பாண்டரும் நரசிங்க ராவும், விமானக் கட்டமைப்பைப் பண்டலையும் கற்பித்தார்கள். பண்டலையைப் பற்றி அவர் சொல்வது கலகலப்பையும் நட்பையும் ஒவ்வொரு பாடத்தையும் புதிதாக அணுகியதையும். தாக்குதல் விமான வடிவமைப்பு வேலையில் கலாமின் குழு பின்தங்கியபோது, மூன்று நாளில் முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்றார் பேராசிரியர் சீனிவாசன். முடித்தார்கள். சொன்னதோடு விடாமல், இடையில் வந்து வேலையைப் பார்த்தும் போனார் அவர். மாணவர் மனத்தில் நின்றவை இவை. யாருக்கு எத்தனை பட்டம் என்பது அந்நினைவுகளில் பெரிதாக இல்லை.

இந்த ஆண்டு வழிகாட்டல் கூட்டத்தில் பெற்றோரிடம் கொடுக்கச் சில கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். பள்ளியின் பெயர் டி.ஜி.சி.ஏ. அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா? பயிற்றுநர்கள் எத்தனை பேர், அவர்களின் பயிற்றுநர் உரிமம் இன்று நடப்பில் உள்ளதா? ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்? வானிலையியல், வான்வழிச் செலுத்தம் ஆகிய பாடங்களை நடத்துபவர் யார்? கடைசியாக, அங்கே இப்போது படிக்கும் இரண்டு மாணவர்களிடம் தனியாகப் பேச விடுவார்களா?