தேய்ப்பு வண்டியும் கரிப்புகையும்

சலவைத் துணி தேய்க்கும் தொழிலாளியின் பெட்டியில் கனலும் கரியை நம்மில் பார்க்காதவர் இல்லை. உலகின் வெப்பம் ஏறி வருவதற்கும் அந்தக் கரிக்கும் சம்பந்தம் உண்டு என்று சொன்னால் பஞ்சாயத்து அங்கத்தினர்களில் சிலர் நகைக்கக்கூடும். நாமும் தொடக்கத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

இவ்விஷயத்தை உலகின் முன் வைத்தவர் திருவண்ணாமலையைச் சேர்ந்த, அப்போது பள்ளி மாணவியாயிருந்த வினிஷா உமாசங்கர். தேய்ப்பவர் ஒருவர் எரிந்த கரியைக் குப்பையில் கொட்டக் கண்டு, அக்கரி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று அவர் விசாரிக்கலானார். அதன் பயனாக, சூரிய ஒளியால் இயங்கும் தேய்ப்பு வண்டி ஒன்றை வடிவமைத்தார். 2020-ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டில் வழங்கப்படும் சிறார் பருவநிலைப் பரிசு அவருக்குக் கிடைத்தது. 2021 நவம்பரில் கிளாஸ்கோ நகர மாநாட்டில் உலகத் தலைவர்களிடையே பேசுகையில், வெற்று வாக்குறுதிகளால் இளைஞர் பலர் சினமுற்றிருப்பதையும், தமக்கோ சினங்கொள்ள நேரமில்லை, செயலே வேண்டும் என்பதையும் எடுத்துரைத்தார்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். நாள் முழுதும் தேய்ப்பவருக்கு 5 கிலோ கரி செலவாவதாகக் கொள்வோம். நல்ல கரியில் நூற்றுக்கு 80 பங்கு கார்பன். 12 பங்கு கார்பன் எரிந்தால் 44 பங்கு கரியமில வாயு உண்டாகும். ஆகவே அன்றாடம் 14 கிலோவுக்கு மேல். ஆண்டில் 300 நாள் வேலை என்றால் 4 டன்னுக்கு மேல்! வெட்டிய சீமைக்கருவேல் மறுபடி தழைத்தால் அந்த வாயுவை மரம் திரும்ப இழுத்துக்கொள்ளும் என்பது மெய்யே. ஆனால் மூட்டம் போடும்போது விறகின் பெரும் பகுதி புகையாகவே போய்விடுகிறது. அந்தச் சேதம் மேற்சொன்ன கணக்கில் சேரவில்லை. மின்சாரப் பெட்டி நாளொன்றுக்கு 4 யூனிட் எடுத்தாலும், நிலக்கரி மின்சாரம் கலந்த இன்றைய நிலையில் வெளியாகும் வாயு ஏறக்குறைய 3 கிலோதான்.

நமது வட்டாரத்தில் ஓர் ஊர் வாலிபர்கள் இக்கணக்கைச் சுவரொட்டியாக எழுதிக்கொண்டு தேய்ப்புக் கடைக்குச் சென்றார்கள். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பிகளா, புகை என் நெஞ்சில்தான் முதலில் இறங்குகிறது. ஐப்பசி மழையில் பத்து நாள் வெயில் வராவிட்டால் என் வீட்டு உலைக்கு யார் பதில் சொல்வது?" என்றார். வாலிபர்களிடம் பதில் இல்லை. நம்மிடமும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

பின்னர் அவர்கள் செய்ததே நமக்கு மிகவும் பிடித்தது. சுவரொட்டியைச் சுருட்டி வைத்துவிட்டு, ஒரு வார காலம் மாலைதோறும் கடையில் அமர்ந்து கரி எத்தனை கிலோ, விலை என்ன, துணி எத்தனை என்று நோட்டில் எழுதினார்கள். வருமானத்தில் கரிக்கு எவ்வளவு போகிறது என்பது கடைக்காரருக்கே அப்போதுதான் விளங்கிற்று. சலவைத் தொழிலாளர்க்குப் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை வாயிலாகத் தேய்ப்புப் பெட்டி வழங்கும் ஏற்பாடு உண்டு. முன்பு பித்தளைப் பெட்டி, பின்னர் எரிவாயுப் பெட்டி. அதற்கான மனுவை வாலிபர்களே எழுதிக் கொடுத்தார்கள். எரிவாயுவும் புகையற்ற தெய்வமன்று. ஒரு கிலோ எரிந்தால் 3 கிலோ கரியமில வாயு வரும். ஆயினும் மழை நாளில் அது அணையாது.

அக்டோபர் 2 கிராம சபையில் சூரிய ஒளித் தகடு பற்றிய பேச்சும் எழுந்தது. முழு வண்டியின் விலை தனி ஒருவரால் தாங்கக்கூடியதன்று. பஞ்சாயத்துக் கட்டிடத்தின் கூரையில் தகடு அமைத்து, அதன் கீழ் இரண்டு தேய்ப்பு மேஜைகளுக்கு இடம் விடலாம் என்று மூத்த அங்கத்தினர் ஒருவர் யோசனை சொன்னார். மதிப்பீடு தயாரிக்கும்படி நமது பொறியாளரைக் கேட்டிருக்கிறோம். நெல் அரைவை ஆலைக்காரரிடமும் வாலிபர்கள் நோட்டுடன் சென்றிருக்கிறார்கள். அறுவடை முடியட்டும் என்று அவர் தவணை சொல்லியிருக்கிறார்.