பிடித்த பிரேக் விடாதபோது

இங்கிலாந்தில் ஆபிங்டன் என்னும் சிறு நகரத்துத் தொழிற்சாலையிலிருந்து 1962-ஆம் வருஷம் தொடங்கி 1980 வரையில் ஐந்து லட்சத்துக்கும் மேலாக உற்பத்தியாகி வெளிவந்த எம்.ஜி.பி. என்ற ஸ்போர்ட்ஸ் கார்களில் கணிசமானவை, அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டு நாற்பது வருஷங்களுக்கு மேல் சென்ற பின்பும், பக்தியோடு பராமரிப்போரின் கைகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்படி ஒரு பழைய வண்டியை வைத்திருப்பவர்களுக்கு என்றாவது ஒரு நாள் வந்து சேரும் சங்கடம் ஒன்று உண்டு: காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்ட பிறகும் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. ‘பிரேக் ஜாம்’ என்று பட்டறைகளில் சொல்லப்படும் இந்தக் கோளாறு, ‘பிடிக்கத்தானே செய்கிறது, பிடிக்காமற் போனால் அல்லவா ஆபத்து?’ என்ற எண்ணத்தினால் பலராலும் அலட்சியம் செய்யப்படுகிறது. அந்த எண்ணம் முற்றிலும் பிழையானது.

விடாத பிரேக், வண்டி ஓடும் நேரமெல்லாம் உராய்ந்துகொண்டே இருக்கிறது. உராய்வினால் உஷ்ணம் பிறக்கிறது. அந்த உஷ்ணம் சக்கரத்தின் அருகிலுள்ள பிரேக் ஆயிலைக் கொதிக்கச் செய்யும் அளவுக்கு ஏறிவிட்டால், திரவம் இருந்த இடத்தில் ஆவி நிற்கிறது. திரவம் அமுக்கத்துக்குச் சுருங்காது, ஆவியோ சுருங்கிவிடும். ஆகையால், இறக்கமான சாலையில் அவசரமாகப் பெடலை மிதிக்கும்போது அது தரைவரையில் இறங்கிப் போக, வண்டி நிற்காமல் ஓடுகிறது. விட வேண்டிய வேளையில் விடாத பிரேக், பிடிக்க வேண்டிய வேளையில் பிடிக்காது என்பதே இந்த விஷயத்தின் சாரம்.

இந்த வண்டியில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும், பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக்கும் அமைந்திருக்கின்றன. பெடலை மிதித்தால், மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிஸ்டன் திரவத்தை அழுத்த, அடைபட்ட திரவத்தில் உண்டாகும் அமுக்கம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்று பாஸ்கல் பதினேழாம் நூற்றாண்டில் கண்ட விதியின்படி, அந்த அழுத்தம் இரும்புக் குழாய்கள் வழியாகவும் ரப்பர் ஹோஸ்கள் வழியாகவும் நான்கு சக்கரங்களையும் சென்று அடைகிறது. முன்சக்கரத்துக் காலிப்பரில் எதிரெதிராக உள்ள இரண்டு பிஸ்டன்கள் பிரேக் பேடுகளைத் தள்ளி, சுழலும் டிஸ்க்கை இரு பக்கமும் கவ்வுகின்றன. இதுவரையில் யாரும் ஊகிக்கக்கூடியதே. ஆனால் காலை எடுத்ததும் அந்தப் பிஸ்டன்களைப் பின்னுக்கு இழுப்பது எது? பின்சக்கரத்து டிரம்மில் லைனிங் கட்டைகளை இழுக்க ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. காலிப்பரிலோ ஒரு ஸ்பிரிங்கும் கிடையாது.

அந்தக் காரியத்தைச் செய்வது, பிஸ்டனைச் சுற்றி ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் ரப்பர் வளையம். பிஸ்டன் முன்னே நகரும்போது அதைப் பற்றிக்கொண்டிருக்கும் வளையம் சற்றே முறுக்கிக்கொள்ள, அழுத்தம் நீங்கியதும் அது தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும் வேகத்தில் பிஸ்டனை ஒரு மயிரிழை அளவு பின்னுக்கு இழுத்து வருகிறது. அந்த மயிரிழை இடைவெளியே பிரேக்குக்கு விடுதலை. மாஸ்டர் சிலிண்டரிலும் இதற்கு இணையான ஏற்பாடு ஒன்று உண்டு: பெடல் முழுவதும் மேலே வந்தவுடன் திறந்துகொள்ளும் ஒரு நுண்ணிய துவாரத்தின் வழியே, உஷ்ணத்தால் விரிந்த திரவம் மேலேயுள்ள தொட்டிக்குத் திரும்பிவிடுகிறது. அந்தத் துவாரம் மூடியே கிடந்தால், சூடேற ஏற, காலால் மிதிக்காமலே பிரேக் இறுகும்.

இத்தனை மென்மையான ஏற்பாட்டைக் கெடுப்பவற்றுள் முதன்மையானது தண்ணீர். சாதாரணப் பிரேக் ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் சுபாவம் உண்டு. டாட்-4 என்ற தரமுள்ள ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி சென்டிகிரேடு வரையில் கொதியாமல் நிற்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய அதே ஆயிலுக்கு விதிக்கப்பட்ட எல்லையோ 155 டிகிரிதான். அந்த ஈரமே பிஸ்டனின் பளபளப்பான மேற்பூச்சைத் துளைத்துத் துருவையும் உண்டாக்குகிறது. அடுத்தது ரப்பர் ஹோஸின் முதுமை. வெளியே பார்க்கக் குறையில்லாத ஹோஸ், உள்ளே வீங்கித் துவாரம் குறுகிப் போயிருக்கும். காலின் பெரும் பலம் திரவத்தை அந்தக் குறுகிய வழியில் தள்ளிவிடுகிறது, திரும்பத் தள்ள வேண்டிய ரப்பர் வளையத்தின் சிறு பலத்துக்கு அது இயலாமற் போகிறது. மூன்றாவது, மனிதனின் கவனக்குறைவு: என்ஜின் ஆயிலைப் போன்ற தாது எண்ணெய் ஒரு சிறிது தவறிக் கலந்துவிட்டாலும், உள்ளேயுள்ள ரப்பர் பாகங்கள் யாவும் ஊதிப் பெருத்துக் கெட்டுவிடும்.

காரணங்கள் இத்தனை இருப்பதால், எதையும் மாற்றுவதற்கு முன் எது காரணம் என்று நிச்சயித்துக்கொள்வதே அறிவுடைமை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் இருத்த வேண்டும். ஜாக்கியை மாத்திரம் நம்பி வண்டியின் அடியில் யாரும் தலை நுழைக்கலாகாது. கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டு, ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். முன்சக்கரத்தில் பேடு லேசாக உரசும் ஓசை கேட்பது இயல்பு. கை தளர்ந்ததும் சக்கரம் சட்டென்று நின்றுவிடுவது இயல்பல்ல. பிறகு ஒருவர் பெடலை அழுத்தி மிதித்து விட, மறுபடியும் சுற்ற வேண்டும். எல்லாச் சக்கரங்களும் இறுகினால் குற்றம் பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டரில் அல்லது பெடலில். பின்சக்கரங்கள் இரண்டும் இறுகினால் ஹேண்ட் பிரேக் கேபிளில் அல்லது பின்பக்கத்து ஹோஸில். ஒரே ஒரு சக்கரமானால் அந்தச் சக்கரத்திலேயே தேட வேண்டும்.

அடுத்த பரீட்சை மிக அழகானது. இறுகி நிற்கும் சக்கரத்தின் காலிப்பரிலுள்ள, ஆயிலை வடிப்பதற்கான ப்ளீடிங் நிப்பிளில் ஒரு சிறு குழாயைச் செருகி, அதன் மறுமுனையைச் சீசாவுக்குள் விட்டு, நிப்பிளைக் கால் சுற்று மாத்திரம் தளர்த்திப் பாருங்கள். தேயிலைக் கஷாய நிறத்தில் பழைய ஆயில் ஒரு பீறல் பீறி அடங்க, அதுவரை அசைய மறுத்த சக்கரம் ஒரு விரலுக்கு இணங்கிச் சுழலுமானால், அமுக்கம் உள்ளே சிறைப்பட்டிருந்தது என்பது ருசுவாகிறது. அமுக்கம் நீங்கியும் சக்கரம் இறுகியே இருந்தால், பிஸ்டனோ பேடோ துருவினால் சிக்கிக்கொண்டிருக்கிறது. அமுக்கந்தான் காரணம் என்றால், நிப்பிளை மூடி, பெடலை மீண்டும் மிதித்துச் சக்கரத்தை இறுகச் செய்து, இம்முறை ஹோஸுக்கு மேலே இரும்புக் குழாய் வந்து சேரும் இணைப்பைத் தளர்த்த வேண்டும். சக்கரம் விட்டால் குற்றம் அதற்கும் மேலே, மாஸ்டர் சிலிண்டரை நோக்கியது. விடாவிட்டால் ஹோஸே குற்றவாளி.

நோய் தெரிந்தபின் சிகிச்சை கடினமன்று. கெட்ட ஹோஸை மாற்றும்போது அதன் ஜோடியையும் மாற்றிவிடுவது நலம். காலிப்பரிலிருந்து பிஸ்டன்களைப் பெடலின் அழுத்தத்தைக் கொண்டே மெல்ல வெளிப்படுத்தி, துருப் புள்ளி விழுந்தவற்றைத் தள்ளிவிட்டு, துருவேறாத எஃகில் செய்தவற்றைப் போடலாம். ரப்பர் வளையம் அமரும் பள்ளத்தைக் கீறல் விழாமல் சுத்தம் செய்து, புது வளையத்தைப் புதிய பிரேக் ஆயிலில் நனைத்து ஏற்ற வேண்டும். சாதாரணக் கிரீஸ் அங்கே விஷத்துக்குச் சமானம். மாஸ்டர் சிலிண்டரில் ஐயம் இருந்தால், அதை அவிழ்க்கும் முன், பெடல் முழுவதும் மேலே எழும்புகிறதா, பிஸ்டனைத் தொடுவதற்கு முன் சிறிது வெறுமனே நகர இடமிருக்கிறதா என்று பார்ப்பது உத்தமம். பின்சக்கரத்தில், டிரம்முக்குப் பின்னாலுள்ள சதுரத் தலைத் திருகைச் சக்கரம் பூட்டிக்கொள்ளும் வரை இறுக்கி, தாராளமாகச் சுழலும் வரை ஒவ்வொரு படியாகத் தளர்த்தினால் போதுமானது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும் என்பதால், அந்தத் தூளைக் காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். வண்டியின் பெயிண்டில் பிரேக் ஆயில் சிந்தினால், அது பெயிண்டை அரிக்கும் முன் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

எல்லாம் பூட்டி, காற்றுக் குமிழி வருவது நிற்கும் வரையில் ஆயிலை வடித்துவிட்டு, பெடல் கெட்டியாக நிற்பதை உறுதி செய்துகொண்ட பிறகே, சந்தடியற்ற சாலையில் சிறிது தூரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். திரும்பி வந்து ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோனால், முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவாகவும், பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவாகவும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்.

பழைய வண்டியை நேசிப்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: அதன் பெயிண்டுக்கும் தோல் ஆசனத்துக்கும் செய்யும் சிசுருஷையில் ஒரு பங்கைக் கண்ணுக்குத் தெரியாத அந்தத் திரவத்துக்கும் செய்யுங்கள், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயிலைத் தவறாமல் மாற்றுங்கள். அதை நம்பியிருப்பது உங்கள் உயிர் மாத்திரமன்று, சாலையில் எதிரே வருபவரின் உயிருமாகும்.